தெளிவும் தூரமும்
வீட்டுப் புரொஜெக்டர் – உயர்தெளிவுத் தொலைக்காட்சி விவாதம் பற்றிய ஒரு மறுப்பு

பொருள்களை ஒப்பிட்டு நோக்கும் வழக்கம் சந்தையோடு பிறந்ததாகும். எந்தப் பொருள் மேலானது என்ற வினாவுக்கு, அப்பொருள் எவரால், எங்கே, எதன்பொருட்டுப் பயன்படுத்தப்படுகின்றது என்ற வினா முந்தியது. ஆனால், முந்திய வினாவைப் பின்தள்ளிப் பிந்திய வினாவை முன்னிறுத்துவதிலேயே வணிகத்தின் ஆதாயம் தங்கியுள்ளது. படம் பார்ப்பதற்குப் புரொஜெக்டர் சிறந்ததா, உயர்தெளிவுத் தொலைக்காட்சி சிறந்ததா என்று இன்று வீடுகளிலும் கடைகளிலும் பொது நிறுவனங்களின் கொள்வனவுக் கூட்டங்களிலும் நிகழும் வாதம் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

இவ்வாதத்தில் இரு சாரார் உளர். புரொஜெக்டரின் காலம் முடிந்துவிட்டது, தட்டைத் திரைத் தொலைக்காட்சி அதனை வென்றுவிட்டது என்பர் ஒரு சாரார். புரொஜெக்டர் ஒன்றை வாங்கிச் சுவரில் ஒளியைப் பாய்ச்சினால் திரையரங்கே வீட்டுக்குள் வந்துவிடும் என்பர் மற்றைய சாரார். இருவரும் ஒரே தவறையே செய்கின்றனர். படத்தின் தெளிவைக் கருவியின் உள்ளே உறையும் ஒரு குணமாக அவர்கள் கொள்கின்றனர். உண்மையில், கண்ணுக்கும் திரைக்கும் இடைப்பட்ட தூரம், அறையில் நிலவும் வெளிச்சம், திரையின் முன் அமர்வோர் தொகை ஆகிய மூன்றும் கருவியோடு கூடும்போதே தெளிவு பிறக்கின்றது. இத்தொடர்பு மறைக்கப்பட்டு எண்கள் மாத்திரம் விற்கப்படுவதன் விளைவாக, மண்டபத்துக்குரிய கருவி வீட்டுக்கும் வீட்டுக்குரிய கருவி மண்டபத்துக்கும் விலைபோகும் தலைகீழ் நிலையொன்று தோன்றியுள்ளது.

உயர்தெளிவு என்ற கருத்தின் பிறப்பு

உயர்தெளிவுத் தொலைக்காட்சி என்ற கருத்து எவ்வாறு தோன்றியது என்பதை நோக்குதல் இவ்விடத்துப் பயனுடையது. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டு விழாவினை அடுத்து, யப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தனது ஆய்வுகூடத்தில் வருங்காலத் தொலைக்காட்சி பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கியது. மனிதர் ஒருவர் படமொன்றின் முன் அமரும்போது, அப்படம் அவரது பார்வைப் புலத்தில் எவ்வளவு பரப்பை நிரப்பினால் காட்சியினுள் தாமும் இருப்பதாக உணர்கின்றார் என்பதே அவ்வாய்வாளர் கவனஞ் செலுத்திய வினாவாகும். படத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் அமர்தல் வேண்டும், படம் ஏறத்தாழ 30 பாகை கோணத்தை நிரப்புதல் வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அத்துணை அண்மையில் அமர்வோருக்குப் பழைய தொலைக்காட்சியின் கோடுகள் தனித்தனியே புலப்படும். ஆதலால் கோடுகள் பெருக்கப்படல் அவசியமாயிற்று. 1,125 கோடுகள் கொண்ட முறை இவ்வாறே உருவாயிற்று.

அகன்ற பெரிய படமே அவ்வாய்வின் நோக்கம். கோடுகளின் பெருக்கம் அந்நோக்கத்துக்கான துணைச்சாதனம் மாத்திரமே. ஆயின், 1980களில் இம்முறை உலக நியமமாவதை முன்னிட்டு யப்பான், ஐரோப்பா, ஐக்கிய அமெரிக்கா ஆகியவற்றுக்கிடையே போட்டி மூண்டது. 1986ஆம் ஆண்டு டுப்ரொவ்னிக் நகரில் நிகழ்ந்த சர்வதேசக் கூட்டத்தில் யப்பானிய முறையை உலக நியமமாக ஏற்க ஐரோப்பிய நாடுகள் உடன்படவில்லை. அவை தமக்கெனப் பிறிதொரு முறையை வகுக்க முனைந்தன. அமெரிக்கா 1990களில் இலக்கமுறைக்குத் தாவியது. கைத்தொழிற் சந்தையைக் கைப்பற்றும் இப்போட்டியின் போக்கில், தூரமும் கோணமும் பேச்சிலிருந்து மறைந்தன; எண்ணிக்கை மட்டும் எஞ்சிற்று. நோக்கம் தொலைந்து சாதனமே நோக்கமாகிய வரலாறு இது.

அக்காலத்தில் பெரிய படத்தைத் தருவதற்குக் கண்ணாடிக் குழாயால் இயலவில்லை. கதோட்டுக் கதிர்க் குழாய்த் தொலைக்காட்சி 40 அங்குலத்தை எட்டியபோதே நூறு கிலோகிராமுக்கு மேல் நிறைகொண்டிருந்தது. ஆகவே பெரும்படம் வேண்டுவோர் ஒளியை எறியும் முறையையே நாடவேண்டியிருந்தது. பிளாஸ்மாத் திரை 1964ஆம் ஆண்டிலேயே இலினோய் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டதாயினும், 1990களிலேயே அது வீட்டுத் தொலைக்காட்சியாக உருப்பெற்றது. பெருநிறுவனங்கள் 2014ஆம் ஆண்டளவில் அதனைக் கைவிட்டன. திரவப் பளிங்குத் திரை மலிவாயிற்று. சேதன ஒளிகாலும் இருவாயித் திரை, அதாவது ஓ.எல்.ஈ.டி., 2013ஆம் ஆண்டிலிருந்து பெரிய அளவுகளில் விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியின் வெற்றி எனப்படுவது இந்த மலிவின் வெற்றியே ஆகும். அதனை இழித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வெற்றி எதனை நிறுவியது, எதனை நிறுவவில்லை என்பது பிரித்தறியப்படல் வேண்டும்.

அளவுகோலின் தீர்ப்பு

நலமான கண் பிரித்தறியக்கூடிய மிகச்சிறு கோணம் பொதுவாக ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு எனக் கொள்ளப்படுகின்றது. மூன்று மீற்றர் தூரத்தில் இது ஏறத்தாழ 0.87 மில்லிமீற்றராகும். இதனிலும் சிறிய புள்ளிகள் அத்தூரத்தில் ஒன்றோடொன்று கலந்தே தோன்றும்.

55 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றின் அகலம் ஏறத்தாழ 122 சென்ரிமீற்றர். அதில் குறுக்காக 1,920 படப்புள்ளிகள் இருப்பின், ஒரு புள்ளியின் அகலம் 0.63 மில்லிமீற்றர். அதாவது, மூன்று மீற்றரில் அமர்ந்திருப்பவரின் கண் பிரித்தறியும் எல்லைக்குக் கீழே அது ஏற்கெனவே சென்றுவிட்டது. இப்புள்ளிகளை நான்கு மடங்காக்கி ‘4கே’ என்ற பெயரில் விற்கும்போது ஒரு புள்ளி 0.32 மில்லிமீற்றராகச் சுருங்குகின்றது. அப்பெருக்கத்துக்கான விலையைக் கொள்வனவாளர் செலுத்துகின்றார். அதன் பயனை அவரது கண் பெறுவதில்லை. கடையில் அவர் கண்ட வேறுபாடு பொய்யா எனின், பொய்யன்று. கடையில் அவர் திரைக்கு ஒரு மீற்றர் முன்னே நின்றார். வீட்டில் அவரது கதிரை மூன்று மீற்றர் பின்னே கிடக்கின்றது.

இனி, 100 அங்குலப் படத்தை எறியும் புரொஜெக்டரை நோக்குவோர்க்கு நிலைமை வேறாகும். அப்படத்தின் அகலம் 221 சென்ரிமீற்றர். 1,920 புள்ளிகளாயின் ஒவ்வொன்றும் 1.15 மில்லிமீற்றர், மூன்று மீற்றரில் கூரிய கண்ணுக்கு அது புலப்படும். இங்கே புள்ளிகளைப் பெருக்குவதில் பொருளுண்டு. படமும் 40 பாகையளவு கோணத்தை நிரப்புகின்றது. 55 அங்குலத் தொலைக்காட்சியோ அதே தூரத்தில் 23 பாகையையே நிரப்புகின்றது. என்.எச்.கே. ஆய்வாளர் வகுத்த 30 பாகையை அது எட்டவேண்டுமாயின், கதிரையை இரண்டேகால் மீற்றருக்கு முன்னிழுத்தல் வேண்டும். செலவில்லாத இந்த ஆலோசனையை எந்த விளம்பரமும் கூறியதில்லை.

இன்னுமொரு செய்தி இங்கு மனங்கொள்ளத்தக்கது. 2005ஆம் ஆண்டு அமெரிக்கப் படநிறுவனங்கள் வகுத்த இலக்கமுறைத் திரையரங்கு நியமம் ‘2கே’, ‘4கே’ ஆகிய இரண்டையும் அனுமதித்தது. இவற்றுள் 2கே என்பது 2,048க்கு 1,080 புள்ளிகளாகும். வீட்டு உயர்தெளிவுக்கும் அதற்கும் வேறுபாடு மிகச் சிறிது. பத்து மீற்றருக்கு மேற்பட்ட அகலமுள்ள திரைகளில் இந்த 2கே படத்தையே உலகின் பல்லாயிரம் திரையரங்குகளில் மக்கள் கண்டு களித்தனர். அத்தகைய திரைக்குப் போதுமென்று கருதப்பட்ட புள்ளிகள், வரவேற்பறைச் சுவரிலுள்ள ஒன்றேகால் மீற்றர் அகலத் திரைக்குப் போதாவென வாதிடுவது விந்தையேயாகும்.

இருளின் பங்கு

தூரத்தை அடுத்து வெளிச்சம் கவனிக்கப்படல் வேண்டும். இங்கு புரொஜெக்டர் அபிமானிகளின் கூற்றுப் பரிசீலனைக்குரியது.

எந்தப் புரொஜெக்டராலும் கருமையை எறிய முடியாது. படத்தில் கருமையாகத் தோன்றவேண்டிய இடத்துக்கு ஒளியை அனுப்பாமல் விடுவதே அதனால் இயன்றது. அவ்விடத்தில் எஞ்சியிருப்பது வெள்ளைத் திரை. அறையில் எவ்வளவு வெளிச்சம் உண்டோ அவ்வளவுக்கு அத்திரை வெளுத்தே தோன்றும். உண்மையாகவே 2,000 லூமன் ஒளி தரும் புரொஜெக்டர் 100 அங்குலத் திரையில் ஏறத்தாழ 725 லக்ஸ் ஒளியை விழச்செய்யும். யன்னல் வழியே 200 லக்ஸ் பகலொளி அத்திரையில் விழுமாயின், மிக வெளிச்சமான இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள விகிதம் ஐந்துக்கு ஒன்றுகூட இல்லை. பெட்டியில் பத்தாயிரத்துக்கு ஒன்று என அச்சிடப்பட்டிருந்த விகிதம் யன்னலைத் திறந்தவுடன் இந்நிலைக்கு வந்துவிடுகின்றது. தொலைக்காட்சியின் முகமோ கரியது. விழும் வெளிச்சத்தின் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுகின்றது. ஓ.எல்.ஈ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால், அதன் கருமை முழுக் கருமையாகும். பகற்பொழுதில் வெளிச்சமான அறையில் இவ்விரண்டுக்கும் இடையே போட்டி என்பதற்கே இடமில்லை.

வெப்பவலய நாடொன்றின் வீடுகளைக் கருதும்போது இவ்வுண்மை மேலும் அழுத்தம் பெறுகின்றது. இலங்கையின் வீடுகள் காற்றுக்கும் வெளிச்சத்துக்குமாகவே கட்டப்பட்டவை. அகன்ற யன்னலும் விறாந்தையும் முற்றமும் அவற்றின் இயல்பு. அத்தகைய அறையை இருட்டாக்குவதெனில் யன்னல்களை அடைத்தல் வேண்டும். அடைத்தால் வெப்பம் தாங்காது. வெப்பத்தைத் தணிக்கக் குளிரூட்டி வேண்டும். ஒரு கருவி தன் பின்னால் மேலும் இரண்டு செலவுகளை அழைத்து வருகின்றது. பாதரச மின்குமிழ் கொண்ட புரொஜெக்டராயின், குமிழின் ஆயுள் சில ஆயிரம் மணித்தியாலமே. நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் பயன்படுத்துவோர்க்கு 4,000 மணித்தியாலக் குமிழ் மூன்று ஆண்டுகளை நிறைவு செய்யாது. ஆயுள் முடிவதற்கு முன்னரே அதன் ஒளி பாதியளவுக்கு மங்கிவிடும். மின்சாரம் திடீரெனத் தடைப்படும்போது, தணிவதற்கு வாய்ப்பின்றிச் சூடேறியிருக்கும் குமிழுக்கு அது ஊறாகும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டுக் கண்ட நாட்டில் இதனைச் சிறிய விடயமென ஒதுக்குதல் பொருந்தாது. லேசர் ஒளி கொண்டவை இருபதாயிரம் மணித்தியாலமளவு நீடிக்கும். ஆயின் அவற்றின் விலை சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டுவதன்று.

எனவே, ‘வீட்டுத் திரையரங்கு’ என்ற தொடர் பெரும்பாலான வீடுகளைப் பொறுத்தவரை ஒரு ஆசைவார்த்தையே. திரையரங்கை ஆக்குவது இருளாகும். திரையரங்கு நியமத்தின்படி வெண்மையின் ஒளிர்வு சதுர மீற்றருக்கு 48 கண்டெலா மாத்திரமே. சாதாரணத் தொலைக்காட்சி இதனைப் போல் பலமடங்கு ஒளிரும். இருந்தும் திரையரங்கில் படம் மங்கலென்று முறையிட்டவர் அரிது. சூழ்ந்துள்ள இருளே அந்த 48ஐ நிறைவாக்குகின்றது.

எண்களின் மறைப்பு

தூரமும் இருளும் பேசப்படாத இடத்தில் எண்கள் தாராளமாகப் பேசுகின்றன. அவை எவ்வாறு பேசுகின்றன என்பதற்குச் சில சான்றுகள் போதும்.

முதலாவது, ‘1080 ஐ ஏற்கும்’ என்ற வாசகம். மலிவான புரொஜெக்டர்கள் பலவற்றின் பெட்டியில் இது காணப்படும். கருவியின் உள்ளே இருக்கும் திரவப் பளிங்குத் தகட்டிலோ 800க்கு 480 புள்ளிகளே இருக்கலாம். உயர்தெளிவுச் சமிக்ஞையை அது ஏற்கும் என்பது உண்மை. ஏற்றபின் சுருக்கிக் காட்டும் என்பது சொல்லப்படாத உண்மை. இரண்டாவது, ‘எல்.ஈ.டி. தொலைக்காட்சி’ என்ற பெயர். இவ்வாறு விற்கப்பட்டவை திரவப் பளிங்குத் தொலைக்காட்சிகளே. பின்னாலுள்ள விளக்கு மாத்திரமே மாறியது. பெயரை மட்டும் கண்டு, தானே ஒளிரும் ஓ.எல்.ஈ.டி. திரையோடு அதனை மயங்கியோர் பலர். மூன்றாவது, லூமன் கணக்கு. நுண்ணிய ஆடிகளைக் கொண்ட டி.எல்.பி. முறை 1987ஆம் ஆண்டு ரெக்சஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தில் லறி ஹோர்ன்பெக் என்பவரின் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்தது. மேன்மையான கண்டுபிடிப்பு அது. ஆயின் ஒற்றை ஆடித்தகடு கொண்ட மலிவான வகைகளில், சுழலும் வண்ணச் சில்லில் நிறமற்ற பகுதியொன்றைச் சேர்த்து வெண்மையை மட்டும் உயர்த்துவதுண்டு. பெட்டியில் அச்சிடப்படும் லூமன் அந்த வெண்மைக்குரியது. சிவப்பும் பச்சையும் நீலமும் அவ்வளவுக்கு உயர்வதில்லை.

இவற்றுள் எதுவும் சட்டப்படி பொய்யன்று. ஆதலாலேயே இவை பொய்யிலும் ஆபத்தானவை. பொய்யை ஒருவர் மறுக்கலாம். பாதி உண்மையை மறுப்பதற்கு மறுபாதி தெரிந்திருத்தல் வேண்டும். மாதாந்தத் தவணைக்குப் பொருள் வாங்கும் ஓர் ஆசிரியரோ எழுதுவினைஞரோ அம்மறுபாதியை எங்கே கற்பது?

வருகின்ற படத்தின் தரமும் இங்கு எண்ணத்தக்கது. 1982ஆம் ஆண்டு தொடங்கிய ரூபவாஹினி 625 கோட்டு முறையிலேயே ஒளிபரப்பை ஆரம்பித்தது. யப்பானிய இலக்கமுறை நியமத்தை இலங்கை 2014ஆம் ஆண்டு தெரிவு செய்தது. பத்தாண்டு கழிந்தபோதும் அம்மாற்றம் முற்றுப்பெற்றிருக்கவில்லை. 625 கோட்டுப் படத்தை 4கே திரையில் காண்பவர் புதிய விவரம் எதனையும் காண்பதில்லை. பழைய குறைகளையே பெரிதாகக் காண்கின்றார்.

எவர்க்கு எது?

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். தொலைக்காட்சியும் பெருத்து வருகின்றது. 98 அங்குலம், 100 அங்குலம் என்ற அளவுகளிலும் கிடைக்கின்றது. அவ்வாறாயின் புரொஜெக்டர் எதற்கு? இத்தடை நியாயமானதே. வீட்டைப் பொறுத்தவரை இதற்கு மறுமொழி இல்லை, அது தேவையுமில்லை. வீட்டில் தொலைக்காட்சியே பொருத்தமானது என்பது மேலே கூறியவற்றாலேயே பெறப்படும். ஆனால் மக்கள் கூடும் இடம் வீடு மாத்திரமன்று.

கற்பித்தற் சாதனத் துறையில் நெடுங்காலமாக வழங்கிவரும் எளிய விதியொன்றுண்டு. எழுத்தையும் வரைபடத்தையும் வாசிக்க வேண்டியோர் படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்குக்கு அப்பால் அமரலாகாது என்பதே அது. 55 அங்குலத் தொலைக்காட்சியின் உயரம் 68 சென்ரிமீற்றர்; அதன் எல்லை நான்கு மீற்றரளவு. வகுப்பறைகளில் இப்போது பொருத்தப்பட்டுவரும் 86 அங்குலத் தட்டைப் பலகையின் எல்லை ஆறரை மீற்றரை அண்மித்தது. சிறிய வகுப்பறைக்கு அது தகும். ஆனால் பன்னிரண்டு மீற்றர் நீளமுள்ள பாடசாலை மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ கடைசி வாங்கில் இருப்பவருக்கு இரண்டு மீற்றர் உயரமான படம் தேவை. அது 160 அங்குலப் படமாகும். அத்தகைய தொலைக்காட்சியை எந்தச் சனசமூக நிலையமும் வாங்க இயலாது. பகல்வேளை வீட்டில் தோற்றுப்போன அதே 2,000 லூமன் புரொஜெக்டர், மாலை மங்கியபின் அம்மண்டபத்தின் விளக்குகளை அணைத்து வெள்ளைத் திரையில் 160 அங்குலப் படத்தை எறியுமாயின், அதன் ஒளிர்வு திரையரங்கு நியமத்தின் 48 கண்டெலாவை விஞ்சி நிற்கும். கருவி மாறவில்லை, இடமும் வேளையும் மாறின.

நடைமுறையில் நிகழ்வதோ இதற்கு மாறானது. வசதி படைத்த வீடுகளுக்குப் புரொஜெக்டர் அந்தஸ்தின் சின்னமாக விற்கப்படுகின்றது. பொது மண்டபங்களுக்குத் தட்டைத் தொலைக்காட்சி நன்கொடையாக வழங்கப்படுகின்றது. நாடா வெட்டும் நாளில் சுவரில் தொங்கும் பளபளப்பான கருந்திரை கண்ணுக்கு நிறைவாகத் தோன்றும். சுருட்டி வைக்கப்பட்ட வெள்ளைத் துணியில் கொடையாளியின் பெயரைப் பொறிக்க இடமில்லை. முன்வரிசையில் அமரும் பிரமுகருக்குப் படம் நன்கு தெரிகின்றது. பின்வாங்கில் இருக்கும் சிறுவனுக்கு எழுத்துத் தெரிவதில்லை. தெளிவு இங்கு வரிசைப்படி பங்கிடப்படுகின்றது. முன்னே இருப்போர் யாவர், பின்னே இருப்போர் யாவர் என்பதைச் சமுதாயத்தை அறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

தொலைக்காட்சி இந்நாட்டில் தொடங்கிய 1979ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் ஊருக்கு ஒரு சில வீடுகளிலேயே அது இருந்தது. அயலவர் அங்கு கூடினர். 1980களில் வடக்கின் கிராமங்களில் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுக்கப்பட்டு, முற்றங்களில் இரவிரவாகப் படங்கள் காட்டப்பட்டன. 21 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சியின் படம் 32 சென்ரிமீற்றர் உயரமே. ஆறு மடங்கு விதிப்படி அது இரண்டு மீற்றருக்குள் அமர்வோருக்கே உரியது. முற்றத்திலோ ஒரு ஒழுங்கையே அமர்ந்திருந்தது. மக்கள் கூடிப் பார்க்க விரும்பினர். கருவி அவ்விருப்பத்துக்குச் சிறிதாயிருந்தது. இன்று அவ்விருப்பத்துக்கேற்ற கருவி மலிவாகக் கிடைக்கின்றது. ஆனால், தனித்தனி அறைகளில் தனித்தனித் திரைகள் என்ற பழக்கத்தை வளர்ப்பதே சந்தைக்கு இலாபமாகையால், அக்கருவி கூட்டத்தை விட்டுத் தனியறைக்கு அழைக்கப்படுகின்றது.

ஆகவே, புரொஜெக்டரா தொலைக்காட்சியா என்ற வினா தவறாகத் தொடுக்கப்பட்ட வினாவாகும். வெளிச்சமுள்ள வீட்டில், ஒரு குடும்பம் நாள்தோறும் பார்ப்பதற்குத் தொலைக்காட்சி உரியது. அதுவும் கதிரையின் தூரத்தை அளந்தபின், 4கே என்ற சொல்லுக்கு மிகைவிலை கொடாது வாங்கப்படுவதே அறிவுடைமை. இருட்டக்கூடிய மண்டபத்தில், பலர் கூடிப் பார்ப்பதற்குப் புரொஜெக்டர் உரியது. அதுவும் உள்ளிருக்கும் தகட்டின் உண்மையான புள்ளித்தொகையையும் குமிழின் ஆயுளையும் கேட்டறிந்தபின் வாங்கப்படல் வேண்டும். பொதுப்பணத்தில் கருவி வாங்கும் பாடசாலைகளும் மன்றங்களும் சனசமூக நிலையங்களும் விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் மண்டபத்தின் கடைசி வாங்குக்குச் சென்று அங்கிருந்து திரை வரை அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தல் வேண்டும். அந்த வாங்கில் இருப்பவருக்குப் புலப்படாத படம், எத்தனை கோடிப் புள்ளிகள் கொண்டதாயினும், தெளிவான படமாகாது.